சூட்டுல மறையுற பேனா

ஜெபீனாவுக்குக் கோவம் வந்தா சத்தம் வராது. அதுதான் அவகிட்ட இருக்கிற ஆபத்தே. கத்துற பொம்பளைய நம்பலாம், கத்தித் தீத்துட்டு அடுத்த வேளைக்குச் சோறு போடுவா. இவ சிரிச்சிக்கினே டீ போட்டுக் குடுப்பா, மனசுக்குள்ள மட்டும் எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வெச்சிக்குவா.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஐஸ்கிரீம் கடை வெச்சிருக்கிற ரியாசுதீனோட பொண்டாட்டி அவ. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவுத்ததும், வளையத்துல துணிய மாட்டிக்கினு ஜன்னலோரம் உக்காந்துடுவா. பூத்தையல்னா அவளுக்கு அப்பிடி ஒரு பைத்தியம். காசுக்குத் தெச்சதில்ல, பேருக்குத் தெச்சதும் இல்ல. கல்வராயன்மலைக்கு ஒரு தபா போயிட்டு வந்து, அங்க இருக்கிற மேகம் அருவிய நீல நூல்லயும் வெள்ளை நூல்லயும் தலகாணி உறை மேல இறக்கினா பாருங்க, ரியாசுதீன் அதுல தலை வைக்கவே பயந்தான். "ஈரமாயிடும் போல கீதுடி"ன்னான்.

அவ தெச்சதுலயே உசுரா வெச்சிருந்தது ஒரு வெள்ளைச் சால்வை. அவங்க அம்மா படுக்கையில கெடந்தப்ப குளுருதுன்னு சொன்னாங்கன்னு, ஓரம் பூரா மல்லிகைக் கொடி போட்டுக் குடுத்தது. கடைசி மூச்சு வரைக்கும் அதப் போத்திக்கினுதான் இருந்தாங்க. அவங்க மவுத்தானதுக்கப்புறம் ஜெபீனா அதத் தொவைக்கவே இல்ல. பீரோவுல மடிச்சி வெச்சி, அப்பப்போ எடுத்து மோந்து பாத்துட்டு வெச்சிடுவா. அதுல அம்மா வாசனை இருந்துச்சி.

அந்தச் சால்வையத்தான் ரியாசுதீனோட தங்கச்சி ஜன்னதுல் பிர்தௌஸ் எடுத்துக்கினு போனா. திருக்கோவிலூர்ல வாக்கப்பட்டவ, பொறந்த வூட்டுக்கு வந்தா வெறுங்கையோட திரும்பாத ரகம். கேட்டு எடுத்திருந்தா கூடப் பரவால்ல. பீரோவத் தொறந்து, எடுத்து, தொவைச்சி, கஞ்சி போட்டு, ஒரு நிக்காஹ்வுக்குப் போத்திக்கினு வந்து நின்னா. யாரு தெச்சதுன்னு கேட்டவங்ககிட்ட எல்லாம், "நானேதான், பொழுது போகலன்னு கத்துக்கினேன்"னா. நாக்கு கூசல அவளுக்கு.

ஜெபீனா பக்கத்துல போயி மெதுவாத்தான் கேட்டா. "பிர்தௌஸு, அது எங்க அம்மாவுது. கழட்டிக் குடும்மா."

அந்தக் கொழுப்பெடுத்தவ கூட்டமே திரும்பிப் பாக்குற மாதிரி சிரிச்சா. அண்ணன் பொண்டாட்டிய அந்த வூட்ல மச்சின்னுதான் கூப்புடுவாங்க. "இன்னா மச்சி நீங்க! சட்டைக்கு பட்டன் தெக்கவே வராது உங்களுக்கு, இத நீங்க தெச்சீங்களா?" சுத்தி இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. மாமியார் நூர் பீவி, மருமவ கையப் புடிச்சி ஓரமா இழுத்துக்கினு போனாங்க. "ஒரு துணிக்காக எம்பொண்ணு மானத்த வாங்குவியா? வாய மூடிக்கினு இரு."

மூடிக்கினா. நல்லா இறுக்கி மூடிக்கினா.

அடுத்த வருஷம் பிர்தௌஸே போன் பண்ணா. "மச்சி, எங்க நாத்தனாவுக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. பொண்ணுக்குத் துப்பட்டா நானே தெச்சித் தரேன்னு எங்க மாமிகிட்ட வாய விட்டுட்டேன். நீங்கதான் தெச்சிக் குடுக்கணும், யாருக்கும் தெரியவேணாம்."

கொஞ்சமாச்சும் வெக்கம் வேணாமா? ஜெபீனா குரல்ல தேன் ஒழுகிச்சி. "அதுக்கின்னாம்மா, தெச்சிட்டாப் போச்சி. அம்மா சால்வைய மட்டும் குடுத்துடு."

"அது நான் தெச்சதுன்னு எங்க மாமி ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாங்க. இப்போ போயி எப்பிடித் தர்றது?"

"சரி, சரி"ன்னு ஜெபீனா போன வெச்சிட்டா.

பூத்தையல் போடறவங்ககிட்ட இப்போ ஒரு பேனா இருக்கு. அதால துணி மேல பூவும் கொடியும் வரைஞ்சிக்கினு தெக்கலாம். முடிஞ்சதும் இஸ்திரிப் பொட்டிய ஒரு இழுப்பு இழுத்தா கோடெல்லாம் மறைஞ்சிடும். மறையுமே தவிர, போவாது. ஐஸ்ல வெச்சா அப்பிடியே திரும்பி வந்துடும். ஒருநாள் கடையில, தெச்சி முடிச்ச கைக்குட்டைய பால் பாக்கெட்டோட சேத்து ஐஸ்கிரீம் பொட்டிக்குள்ள போட்டுட்டா ஜெபீனா. எடுத்தப்ப, மறைஞ்ச கோடெல்லாம் பல்ல இளிச்சிக்கினு நின்னுது. அந்தப் பேனாவ வெச்சித் தெக்கிறவ எவளா இருந்தாலும் இது ஒரு நாள் தெரியாமப் போவாது. அன்னைக்கு ஜெபீனா அழுதா. இப்போ அத நெனச்சி, அடுப்பாண்ட நின்னுக்கினு தனியா சிரிச்சா.

சந்தனக் கலர் துப்பட்டாவுல மாதுளம்பூவும் கொடியுமா மாசக்கணக்கா தெச்சா. பழி வாங்குறதுக்குன்னாலும் அவளுக்கு மோசமாத் தெக்க வராது. கடைசியில, நடுவுல வெறுமனே கெடந்த எடத்துல அந்தப் பேனாவால நிதானமா எழுதினா. எழுதி, இஸ்திரி போட்டா. துணி பளிச்சினு ஆயிடுச்சி.

கல்யாணத்துக்கு ரியாசுதீன்தான் ஐஸ்கிரீம். பொட்டிய வண்டியில ஏத்திக்கினு திருக்கோவிலூர் போறப்ப, ஜெபீனா பக்கத்துல உக்காந்து சூயிங்கம் மென்னுக்கினு வந்தா. "இன்னாடி புதுசா?"ன்னான் அவன். "வாய் கசக்குது"ன்னா.

மண்டபத்துல பொண்ணு ரூம்ல துப்பட்டாவ விரிச்சி வெச்சி, பொம்பளைங்க எல்லாம் வாயப் பொளந்துக்கினு பாத்தாங்க. நடுவுல பிர்தௌஸ். தோள்ல அந்த வெள்ளைச் சால்வை. "தெச்சித் தெச்சி கண்ணே போயிடுச்சிங்க"ன்னு அலுத்துக்கினா. ஜெபீனாவும் ஆசையாப் பாக்குறவ மாதிரி துணிய ஒரு தடவு தடவிட்டு நவுந்தா.

கொஞ்ச நேரத்துல பிர்தௌஸோட மாமியார் அலறினாங்க. "யா அல்லா, எவ புள்ள இதுல சூயிங்கம்ம ஒட்டிச்சி?" பிச்சா நூலோட இழுத்துக்கினு வருது. கூட்டத்துல ஒருத்தி, "ஐஸ்ல வைங்க, கல்லாட்டம் ஆயி உதுந்துடும்"னா. எந்தக் கல்யாணத்துலயும் இதச் சொல்ல ஒருத்தி இருப்பான்னு ஜெபீனாவுக்குத் தெரியும்.

"நீதானே தெச்ச, ஐஸ்ல வெக்கலாமா பிர்தௌஸு?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டா ஜெபீனா. பிர்தௌஸ் ஒரே ஒரு கைக்குட்டை தெச்சிருந்தா கூட அந்த எடத்துல பதறியிருப்பா.

"தாராளமா வெக்கலாம், எனக்குத் தெரியாதா?"ன்னு பிர்தௌஸே சுருட்டி எடுத்துக்கினு போயி, அண்ணனோட ஐஸ்கிரீம் பொட்டிக்குள்ள வெச்சா.

கொஞ்ச நேரம் கழிச்சி எடுத்துக்கினு வந்து பிர்தௌஸோட மாமியார் விரிச்சாங்க. சூயிங்கம் உதுந்துது. நடுவுல கருப்பா, கொட்டை கொட்டையா எழுத்து நின்னுது. "இதைத் தைத்தவள் கள்ளக்குறிச்சி ஜெபீனா. பிர்தௌசுக்கு ஊசியில் நூல் கோர்க்கவும் வராது. அவள் போர்த்திக்கொண்டு திரியும் வெள்ளைச் சால்வை என் அம்மாவுடையது."

யாரோ ஒரு பொண்ணு சத்தமாப் படிச்சே காட்டிட்டா. நூர் பீவி மறுபடியும் மருமவ கையப் புடிக்க வந்தாங்க. ஜெபீனா உதறிட்டா. "நான் ஒரு வார்த்தை பேசலையே மாமி. நீங்க சொன்ன மாதிரி வாய மூடிக்கினுதான கீறேன்."

பிர்தௌஸோட மாமியார் ஒரு ஊசியையும் நூலையும் எடுத்து மருமவகிட்ட நீட்டினாங்க. "கோத்துக் காட்டு." அவ நூல எச்சி பண்ணா, முறுக்கினா, கண்ண இடுக்கினா. ஊசி கீழ விழுந்துது. இந்தத் தபாவும் எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா ஆள் மாறிப்போச்சி. பிர்தௌஸ் தலையத் தூக்காமலே சால்வையக் கழட்டிக் குடுத்தா.

ஜெபீனா அத வாங்கி மூஞ்சில பொத்திக்கினா. கஞ்சி வாசனை. பிர்தௌஸோட சென்ட்டு. அம்மா இல்ல. போனாப் போவுதுன்னு விட்டுடலாமான்னு ஒரு ஓரத்துல இருந்த எரக்கமும் அத்தோட செத்துச்சி.

கல்யாணப் பொண்ணு மட்டும் அழுதுக்கினு இருந்தா. "நீ அழாத கண்ணு, உம்மேல எனக்கு இன்னா கோவம்?"ன்னு ஜெபீனா இஸ்திரிப் பொட்டி கேட்டு வாங்கி, எழுத்த எல்லாம் மறைய வெச்சா. பிர்தௌஸுக்கு அப்பத்தான் மூச்சே வந்துது. ஜெபீனா அவ காதாண்ட குனிஞ்சா. "மறைஞ்சிதான் கீது, போவல. இது காலத்துக்கும் உன் நாத்தனாகிட்டதான் இருக்கும். ஐஸ் பொட்டி இல்லாத வூடு இப்போ எங்க கீது, சொல்லு?"

சால்வையப் போத்திக்கினு வெளிய வந்து, புருஷன்கிட்ட ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்னா. "வாய் கசப்பு போச்சாடி?"ன்னான் ரியாசுதீன்.

"போவல"ன்னா. "இன்னொன்னு குடு."