சோதிலிங்கத்தின் வேவுக் கொப்பி

சோதிலிங்கத்துக்குச் சந்தேகம் பிறவிக் குணம். நோர்வேக்கு அகதியாக வந்து, துரொண்ட்ஹெய்மில் சில வருடம் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் பஸ் ஓட்டுநர் ஆனவர். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமையடிப்பார். அந்தக் கண்ணைக் கடைசியில் சொந்த மனைவி மேலேயே திருப்பினார் மனிதர்.

மனைவி சிறிதேவி ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்தவள். கொரோனா வந்து பத்து நாளில் இருமல் போய்விட்டது. களைப்பு மட்டும் ஒன்றரை வருடமாகியும் போகவில்லை. இரத்தம் சோதித்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒரு குறையும் இல்லை. "இதைக் காட்டித்தரும் சோதனை கிடையாது. எது இந்த நோய், எது இல்லை என்பதிலேயே மருத்துவர்களிடம் ஒரே கருத்து இல்லை" என்று கையை விரித்தார் வைத்தியர். சோதனையில் அகப்படாத நோயும் ஒரு வருத்தமா என்று சோதிலிங்கத்துக்குப் பொறி தட்டியது.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியவர் கூட்டாளி இரத்தினவேல்.

"மச்சான், லில்லெஸ்ட்ரோம் கலியாணத்திலை உன்ரை மனிசி நல்லாச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டவ. வேலைக்கு மட்டும்தான் ஏலாதாமோ?"

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? அன்றிரவே சோதிலிங்கம் ஒரு சின்னக் கொப்பி தொடங்கினார். நாள், மணி, நிமிடம் எல்லாம் பஸ் அட்டவணை மாதிரி. 'சனி: பிறந்தநாள் வீடு. நாலு மணித்தியாலம். சிரிப்பு.' 'ஞாயிறு: நல்லாய் இருக்கிறா.' 'திங்கள்: படுக்கை. தலை சீவவும் ஏலாதாம். நடிப்பு?' கையும் களவுமாகப் பிடிக்கும் நாளுக்காக மூன்று மாதம் காத்திருந்தார். சமைத்ததும் துவைத்ததும் அவர்தான்; முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

நோயாளிகளுக்கு உதவிப்பணம் கொடுக்கும் அரசாங்க அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே சிறிதேவியால் வேலை செய்ய முடியுமா என்று தீர்மானிக்கும் அதிகாரி எமிலியா. தினமும் செய்ததை எழுதிக்கொண்டு வரும்படி சிறிதேவியிடம் சொல்லியிருந்தார். அந்தத் தாள்களைப் புரட்டினார். "தினமும் வீடு கூட்டுகிறீர்கள், சமைக்கிறீர்கள், துவைக்கிறீர்கள். அப்படியென்றால் அடுத்த மாதம் முழுநேர வேலைக்குப் போகலாமே?"

கூடப் போயிருந்த சோதிலிங்கம் திடுக்கிட்டார்.

"ஏன் பொய் எழுதினனீர்?" என்றார் தமிழில்.

"கூட்டாத வீடு எண்டு இவை நினைக்கிறதோ? மானம் போயிடும்" என்று முணுமுணுத்தாள் சிறிதேவி.

பொய்யைப் பிடிக்கக் காத்திருந்தவருக்குப் பொய் அகப்பட்டது, ஆனால் தலைகீழாக. வீட்டு வேலையெல்லாம் நான்தான் செய்கிறேன் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். எமிலியா புருவத்தை உயர்த்தினார். "கணவர் அப்படித்தான் சொல்வார். அந்தந்த நாளிலேயே எழுதிய ஏதாவது இருக்கிறதா?"

இருந்தது. சட்டைப் பையில். எடுத்தால் அவருடைய வண்டவாளம் தண்டவாளம் ஏறும். எடுக்காவிட்டால் ஒரு சட்டியைத் தூக்கவே தெம்பில்லாதவள் அறுபது பேருக்குச் சமைக்கப் போகவேண்டும். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு எடுத்தார்.

வரிவரியாக மொழிபெயர்த்து வாசித்தார். 'நடிப்பு?' என்ற சொல்லைத் தாண்டிப் போனார். பக்கத்தில் இருந்த சிறிதேவிக்குத் தமிழ் தெரியுமே, அவள் தாண்டவில்லை. எமிலியா பேனாவால் கோடு போட்டு எண்ணினார். ஓடியாடிய ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் கழித்து அவள் படுக்கையில் விழுந்திருக்கிறாள், பதினொரு தடவை. வேவு பார்த்தவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

கடைசிப் பக்கத்தை வாசிக்கும்போது சோதிலிங்கத்தின் குரல் இறங்கியது. 'வியாழன், 11.20. சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். குசினியில் அடுப்பின் முன்னால் நிலத்தில் இருக்கிறா. எழும்பப் பார்க்கிறா, முடியவில்லை. கதவடியில் ஒளிந்து ஆறு நிமிடம் பார்த்தேன்.'

"முடிவை நிறுத்தி வைக்கிறேன். இதை வைத்தியரும் பார்க்கவேண்டும்" என்று பிரதி எடுக்கக் கொப்பியோடு வெளியே போனார் எமிலியா.

அறையில் இருவரும் தனித்தார்கள்.

"ஆறு நிமிசம் நிண்டனீங்களோ?"

"ஓம்."

"ஒருக்கா வந்து தூக்கி விட்டிருக்கலாமே" என்றாள் சிறிதேவி.