சீட்டில் கிடந்த வெள்ளைத் துண்டு

இன்று காலை பெரியார் பஸ் ஸ்டாண்டில் என் மூக்கு உடைந்தது. மதுரைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது.

ஒத்தக்கடை பஸ்ஸில் ஒரே ஒரு சீட் காலியாக இருந்தது. அதில் ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. யாரோ மறந்துவிட்டு இறங்கிவிட்டார் என்று நினைத்து, பொறுப்பாக அதைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த நிமிடம் ஒருவன், காலில் மாவுக்கட்டு போட்ட தன் அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்தான்.

"துண்டு எங்கடா?"

"கண்டக்டர்கிட்ட இருக்குங்க."

"ஜன்னல் வழியா எடம் போட்டுட்டு அம்மாவக் கூட்டியாரதுக்குள்ள எடுத்துட்டியா?"

காலரைப் பிடித்துத் தூக்கினான். நான் வாயைத் திறப்பதற்குள் மூக்கில் குத்து விழுந்தது. நானும் விடவில்லை. டிபன் பாக்ஸால் அவன் காதோரம் ஒன்று போட்டேன். இருவரும் கம்பியில் மோதி விழுந்தோம்.

கண்டக்டர் விசில் ஊதினார். "அடிச்சுக்கிறதுனா கீழ எறங்கி அடிச்சுக்கங்கய்யா. வண்டிய எடுக்கணும்."

அதற்குள் அந்த அம்மா சீட்டில் வசதியாக உட்கார்ந்திருந்தார். கண்டக்டரிடம் துண்டை வாங்கி என் பக்கம் எறிந்தார்.

"எம்புட்டு ரத்தம்! தொடச்சுக்க தம்பி. துண்டு கெடந்தா ஆளு வருதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா?"

"யம்மா, அது என் துண்டு" என்றான் மகன்.

"நீ வாய மூடுடா."

துண்டு இப்போது என் வீட்டுக் கொடியில் காய்கிறது. இரண்டு முறை துவைத்தும் ரத்தக்கறை போகவில்லை. நாளைக் காலை ஜன்னல் வழியாக அதைத்தான் போடப்போகிறேன்.

எடுத்துப் பார்க்கிற தைரியம் உள்ளவர்கள் கமெண்ட்டில் கை தூக்கலாம்.