மேடையேறாத அண்ணன்

என் தம்பி கால்நடைத் துறையில் ஆய்வாளர். தேர்தல் வந்தால் அவனை வீடியோ கண்காணிப்புக் குழுவில் போட்டுவிடுவார்கள். ஒரு ஜீப், ஒரு கேமராக்காரர், ஒரு பதிவேடு. பொதுக்கூட்டம் நடக்கிற இடத்துக்குப் போய் மேடை, நாற்காலி, கொடி எல்லாவற்றையும் படம் பிடித்து, அந்தச் செலவு யார் கணக்கில் ஏற வேண்டும் என்று எழுதித் தருவது அவன் வேலை. நான் அப்போது ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்பில் நிருபர். அவன் போன கூட்டங்கள் சிலவற்றுக்கு நானும் போயிருக்கிறேன்.

யார் கணக்கு என்பதில்தான் சிக்கல். சட்டம் வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கட்சியின் செலவுக்கு வைக்கவில்லை. கட்சியின் நட்சத்திரப் பேச்சாளர் வந்து பேசும் கூட்டத்தில் வேட்பாளர் மேடை ஏறினாலோ, அவர் படம் இருந்தாலோ, பெயர் சொல்லப்பட்டாலோ செலவு அவர் தலையில். இல்லையென்றால் கட்சியின் தலையில். அங்கே எவ்வளவு விழுந்தாலும் வரம்பில்லை. கட்சிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்கவும் தம்பிக்கு அதிகாரம் கிடையாது. கேட்டாலும் ‘நண்பர்கள்’ என்பார்கள். கல்யாணத்துக்குக் கொடுக்கும் சில்வர் டம்ளரில்கூடப் பெயர் வெட்டிக் கொடுக்கிற ஊர் இது. ஆயிரம் நாற்காலி கொடுத்தவருக்கு மட்டும் பெயர் இல்லை.

சமயநல்லூர் கூட்டத்தில் பேச்சாளர் முக்கால் மணி நேரம் ‘நம்ம அண்ணன்’ என்றே பேசி முடித்தார். பெயர் வரவில்லை. செலவு கட்சியுடையது என்று தம்பி எழுதிக் கொடுத்தான். தேர்தல் கமிஷன் அனுப்பிய செலவினப் பார்வையாளர் வட மாநிலத்து அதிகாரி. வீடியோவைப் பார்த்துவிட்டு, அண்ணன் என்பது யார் என்று கேட்டார். மூத்த சகோதரர் என்றான் தம்பி. யாருக்கு என்றார். எல்லோருக்கும் என்றான். மறுநாள் மெமோ வந்தது: சந்தேகத்துக்கு இடமான அறிக்கை இனி வரக் கூடாது. ஜூனில் அவனுக்குப் பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. இன்னொரு மெமோ வந்தால் அது போய்விடும்.

அடுத்த கூட்டம் எழுமலையில், மாலை நாலரை மணிக்கு. நானும் போயிருந்தேன். வேட்பாளர் முன்னதாகவே வந்து, பந்தலுக்கு எதிரே டீக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துண்டு போர்த்த வந்தவர்கள் அங்கேயே போர்த்தினார்கள். அவருடைய வக்கீல் மேடைக்குக் கீழே பேச்சாளரின் கண்ணில் படும்படி நின்றுகொண்டு, அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

வெயில் சாயச் சாயப் பந்தலின் நிழல் டீக்கடைப் பக்கம் நீண்டது. நிழல் செருப்பைத் தொட்டதும் வேட்பாளர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“நிழலெல்லாம் கணக்குல வராதுண்ணே, சும்மா உக்காருங்க” என்றான் தம்பி.

“வேணாம் தம்பி. நீங்க வராதும்பீங்க, நாளைக்கு வேற ஒருத்தன் வரும்பான்.”

மூன்றாவது முறை இழுத்தபோது நாற்காலி வடை அடுப்பில் இடித்தது. “அண்ணே, இதுக்கு மேல போனா எண்ணெய்லதான் உக்காரணும்” என்றார் டீக்கடைக்காரர்.

அப்போது உசிலம்பட்டி பஸ் வந்தது. வேட்பாளரின் கார் ரோட்டை மறித்து நின்றது. பஸ் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. மைக் செட்காரர் பொறுமையிழந்து மேடையேறி, பேச்சாளர் முன்னாலிருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பி, வேட்பாளரின் பெயரை இனிஷியலோடு முழுசாகச் சொல்லி, “அண்ணனோட வண்டிய யாராச்சும் எடுங்கப்பா, பஸ்ஸு நிக்குது” என்றார்.

ஒரு மணி நேரமாக அந்தப் பெயருக்குக் காத்திருந்த கூட்டம் விசில் அடித்தது.

“யோவ், பேரச் சொல்லிட்டியேய்யா!” என்று வக்கீல் அலறினார்.

“பேரச் சொல்லாம? வெறும் அண்ணன் வண்டின்னா இங்க இருக்குற அம்புட்டுப் பேருல்ல எந்திரிச்சுப் போவாங்க!”

வக்கீல் தம்பியிடம் ஓடி வந்தார். “சார், இது போக்குவரத்து அறிவிப்பு. பஸ்ஸுகிட்டயா ஓட்டுக் கேட்டோம்?”

தம்பி பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்தான். சொன்னவர் பேச்சாளர் இல்லை. சொன்ன இடம் மேடை. எழுதினால் வக்கீல் புகார் கொடுப்பார், எழுதாவிட்டால் பார்வையாளர் கேட்பார். இரண்டிலும் மெமோ இருந்தது.

“அக்கா, நீ என்ன சொல்ற?”

“நான் பேப்பர்ல எழுதுறேன். நீ பதிவேட்டுல எழுது.”

“ஒனக்கென்ன, ஒனக்கு யாரு மெமோ குடுக்கப்போறா.”

அதற்குள் கூட்டம் அந்தப் பெயரையே முழக்கமாக்கிவிட்டது. வேட்பாளர் பதறி எழுந்து, நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். தங்களுக்குத்தான் கையசைக்கிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் சத்தம் போட்டார்கள். அவர் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். நேரே மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

“தயவுசெஞ்சு என் பேரச் சொல்லாதீங்கப்பா! நான் இங்க வரவே இல்ல!”

வக்கீல் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வேட்பாளர் குனிந்து தன் காலைப் பார்த்தார். காலுக்குக் கீழே சிவப்புக் கம்பளம்.

“ஏறிட்டனா?” என்று மைக்கிலேயே கேட்டார்.

“ஏறிட்டீங்கண்ணே” என்றார் வக்கீல்.

வேட்பாளர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் பேசினார். மேடைச் செலவு இனித் தன் கணக்கில்தான் என்று தெரிந்தவரின் பேச்சு அது, எதையும் சுருக்கவில்லை. தன் பெயரைப் பதினோரு முறை சொன்னார். நட்சத்திரப் பேச்சாளர் பின்னால் உட்கார்ந்து சோடா குடித்தார்.

தம்பி ஜீப்பின் பானெட்டில் பதிவேட்டை வைத்து ஒரே வரி எழுதினான்: ‘வேட்பாளர் மேடையேறி, தான் வரவில்லை என்று பேசினார்.’

வீடியோவோடு அது போனது. பார்வையாளர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஜூனில் பதவி உயர்வு வந்தது, ராமநாதபுரத்துக்கு மாற்றலோடு.