பச்சையாக மாறிய பொத்தான்

தோட்டத்து ஆபீசின் பெரிய கிளாக்கர் மவுஸை அமுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். விரல்நகம் வெளுக்கும்வரை அமுக்கிவிட்டு, "டீச்சர், அமுங்குச்சா இல்லையா? ஒண்ணுமே தெரியலையே" என்று என்னைப் பார்ப்பார். அவர் வயதில் பாதிகூட இல்லாத என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த நான், இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசுக்கு டேட்டாபேஸ் செய்து கொடுக்கப் போயிருந்தேன்.

அந்தத் தோட்டத்தில் துண்டுச்சீட்டு இல்லாமல் லொறி நகராது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆபீசில் துண்டு எழுதி வாங்கி, கீழே பெக்டரியில் நிற்கும் டிரைவரிடம் கொடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகியான துரை அந்தத் துண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார். ஆபீசில் பெயரைப் பதிந்து 'லொறி அனுப்பு' என்ற பொத்தானை அமுக்கினால் பெக்டரிக் கம்ப்யூட்டரில் அது தெரியும். கிளாக்கரின் நச்சரிப்புத் தாங்காமல், அமுக்கியதும் பொத்தான் உள்வாங்கிப் பச்சையாக மாறும்படி செய்தேன். "இப்பத்தான் டீச்சர் மனசுக்கு நிம்மதியா இருக்கு" என்று வாய்நிறையச் சிரித்தார். எனக்கும் பெருமை. என்ன பெருமையோ!

பொத்தானிடம் நிறத்தை மாற்றச் சொன்ன நான், அப்போதே பதிவைச் சேமிக்கச் சொல்லவில்லை. அடுத்த பெயருக்குப் போனால்தான் முந்தைய பெயர் தானாகச் சேமிக்கப்பட்டு பெக்டரிக்குத் தெரியும். கிளாக்கர் எப்போதும் அடுத்தடுத்து எதையாவது பதிந்துகொண்டே இருந்ததால் என் பிழை வெளியே தெரியவில்லை.

ஒரு மழைநாள் முற்பகலில், மேல் லயத்திலிருந்து ஒருவர் நனைந்தபடி ஓடிவந்தாராம். மனைவிக்குப் பிரசவ வலி. கிளாக்கர் பதிந்தார், அமுக்கினார், பச்சையானது. "லொறி வந்துரும், நீ போயி பொண்டாட்டிகிட்ட இரு" என்று அனுப்பிவைத்தார். அதற்குப்பின் பதிய வேறு பெயர் வரவில்லை. இரண்டு மணிநேரம் கழித்து அந்த மனிதர் திரும்பி வந்து, "ஐயா, லொறி வரலீங்களே" என்று நின்றபோதும் பொத்தான் பச்சையாகத்தான் இருந்தது. அதன்பின் ஆளனுப்பி லொறியை வரவழைத்து ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும்தான்.

கிளாக்கர் மறந்துவிட்டார் என்று தோட்டமே பேசியது. அவர் வேலையை விட்டுவிட்டார். அவள் செத்த மறுநாள் போய்த் திரையைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. அமுக்கியதுமே சேமிக்கும்படி புரோகிராமில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. பயம், வேறென்ன. இன்று கையிலிருக்கும் போனில் எதைத் தொட்டாலும் நிறம் மாறுகிறது. ஒன்றையும் நான் நம்புவதில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் கண்ணை மூடினால், லயத்துக் காம்பராவில் ஒருத்தி லொறிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு கிடக்கிறாள்.

சில வருடங்கள் கழித்து ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் கிளாக்கரைக் கண்டேன். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். என்னிடம் சுகம்கூட விசாரிக்கவில்லை.

"டீச்சர், நான் சரியாத்தானே அமுக்குனேன்?"

"சரியாத்தான் அமுக்குனீங்க ஐயா."

"அப்பறம் ஏன் டீச்சர் லொறி போகல?"

நோட்டன் பிரிட்ஜ் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அது என் பஸ் இல்லை. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.