கொளஞ்சி மாமா முதலில் தின்று பார்ப்பார்

எங்கள் தெருவில் கொளஞ்சி மாமாவைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மெஸ் நடத்தினார். பால் வந்தால் லாக்டோமீட்டரை விட்டுப் பார்ப்பார். மிளகாய்த்தூளைத் தண்ணீரில் தூவி, அடியில் செங்கல் பொடி தங்குகிறதா என்று குனிந்து பார்ப்பார். பொரித்த எண்ணெயை மறுபடி காய்ச்சக் கூடாது, டிரம்மில் ஊற்றி வையுங்கள், ஆள் வந்து எடுத்துப் போவார் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி சொன்னபோது அவரையே மடக்கினார்.

“எடுத்துக்கினு போயி என்னா சார் பண்றாங்க? வடிகட்டி மறுபடியும் என் தலையிலயே கட்டமாட்டாங்கன்னு என்னா நிச்சயம்?”

வண்டிக்கு டீசல் செய்கிறார்கள் என்றார் அதிகாரி. மாமா நம்பவில்லை. ஆனாலும் ஊற்றி வைத்தார்.

அவர் இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் பாத்திரம் தேய்க்க வந்தவர். சொந்தமாக மெஸ் தொடங்கிய முதல் வருஷம், பொங்கலுக்கு ஊருக்குப் போகாத பையன்களுக்குக் கேசரி கிண்டினார். வாங்கிய கலர் பொடியில் என்ன கலந்திருந்ததோ, பதினோரு பேர் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அன்று முதல் எதைச் சமைத்தாலும் முதல் இலை அவருக்குத்தான். தின்றுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார். பையன்கள் பசியில் தட்டைத் தட்டினாலும் அசைய மாட்டார்.

நான் சத்யப்பிரியா. வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து அரசாங்க மாத்திரை கொடுப்பது என் வேலை. போன வருஷம் மாமாவுக்கும் அவர் மனைவி மாரியம்மாள் அத்தைக்கும் ஒரே நாளில் பிரஷர் இருப்பது தெரிந்தது. அத்தைக்குத்தான் அதிகம், 170. டாக்டர் எழுதிக் கொடுக்க, இருவருக்கும் மாத்திரை கொண்டு போனேன்.

மாமா அட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்தார். “காசு வாங்காம வூட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாங்கன்னா இதுல ஏதோ இருக்குது பாப்பா.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “இருக்குது மாமா. நீங்க பக்கவாதத்துல வுழுந்தா அரசாங்கத்துக்கு லட்சக்கணக்குல செலவு. இந்த மாத்திரைன்னா கொஞ்சத்துல முடிஞ்சிடும். அந்தச் சுயநலந்தான்.”

அந்தப் பதில் அவருக்குப் பிடித்துவிட்டது. தனக்கும் லாபம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்பவனைத்தான் அவர் கொஞ்சமாவது நம்புவார். வாங்கிக்கொண்டார்.

மாமாவுக்குப் பிரஷர் இறங்கியது. அத்தைக்கு ஏறியது. அடுத்த மாதம் 176, அதற்கடுத்து 184. காலி அட்டைகள் இரண்டு பேருடையதும் ஒழுங்காக இருந்தன. டாக்டர் வீரியத்தைக் கூட்டிக் கொடுத்தும் பலனில்லை. அப்படியானால் கோளாறு வாயில்தான் என்று நான் முடிவு கட்டினேன். அத்தை பரங்கிப்பேட்டைக்காரி, கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. உப்பு ஆகாது, கருவாட்டை விடுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். நேராக அடுக்களைக்குள் போய் ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்த்தேன்.

“கருவாட்ட வுட்டுட்டேன்னு பொய் சொல்றீங்களா அத்த?”

“மாரியாத்தா மேல சத்தியமா வுட்டுட்டேன்டி. மாத்திரையும் தெனம் உங்க மாமாதான் எடுத்து கையில குடுக்குறாரு. முழுங்கிட்டுத்தான் காப்பியே குடிக்கிறேன்.”

கண் கலங்கித்தான் சொன்னாள். நான் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரி முன்னாலேயே நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன்.

நான்காம் மாதம் ஒரு காலையில், மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோதே அத்தை சாய்ந்துவிட்டாள். வலது கையும் காலும் போய்விட்டன. தகவல் தெரிந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாமா என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே முழுக்க மாத்திரைகள். அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்தவை.

“இதெல்லாம் அவளோடது. நாந்தான் எடுத்து வெச்சிருந்தேன். அவளுக்கு மெடிக்கல்ல சத்து மாத்திரை வாங்கிக் குடுத்துக்கினு இருந்தேன்.”

“ஏன் மாமா?”

“இது கிட்னியக் கெடுத்துடும்னு ஒருத்தன் சொன்னான். மொதல்ல நான் தின்னு பாத்துடறேன்னு நெனச்சேன் பாப்பா. இத்தினி மாசம் தின்னேன், எனக்கு ஒண்ணும் ஆவல. நல்ல மாத்திரைதான். வர்ற வெள்ளிக்கெழமைலேர்ந்து அவளுக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்.”

ஓங்கி அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்த அறையில் பாதி எனக்கும் விழ வேண்டும். அத்தை சொன்னது அத்தனையும் உண்மை. அதைச் சொன்னதற்காகத்தான் அவளை நான் பொய்க்காரி ஆக்கினேன்.

அத்தை வீடு திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. பேச்சு குழறுகிறது, புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறது. மாமா மெஸ்ஸை மூடிவிட்டு அவள் பக்கத்திலேயே இருக்கிறார். உப்புக் குறைத்து அவர் கஞ்சி ஊட்டினால் குடிக்கிறாள், தலை வாரிவிட்டால் காட்டுகிறாள். மாத்திரையை எடுத்தால் மட்டும் உதட்டை இறுக்கிக்கொள்கிறாள். அதனால் தினமும் காலையில் நான்தான் போகிறேன். அவள் கண்ணெதிரே அட்டையிலிருந்து பிதுக்கி இடது கையில் வைக்கிறேன். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். மாமா தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நிற்கும்போதே, என்னைப் பார்த்துக் கேட்கிறாள்.

“இது அதுதானாடி?”