கடைசி வெள்ளிக்கிழமை இமேஜ்

அலுவலகத்தில் அவருக்கு ஸ்பேர் என்று பெயர். வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம், அவ்வளவு பொருத்தம். மூக்குக்கண்ணாடி இரண்டு, குடை இரண்டு, வீட்டுச் சாவி மூன்று. சட்டைப் பையில் சின்னதாக ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். அதில் அன்றைய சட்டைக்குப் பொருத்தமான ஒரு பொத்தான். "எல்லாத்துலயும் ஒண்ணு உபரியா வெச்சிருக்கார் இந்த மனுஷன். பெண்டாட்டி மட்டும்தான் ஒண்ணே ஒண்ணு. அதுக்கும் எப்ப ஏற்பாடு பண்ணப்போறாரோ!" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவருக்குக் கோபமே வராது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். பாவம், அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

வேலை, கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில். மாடியில் நீளமாக ஒரே அறை, ஏழு மேசைகள், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி இன்ஜினியர். எல்லாருடைய வரைபடங்களும் மூலையில் இருந்த பெரிய கம்ப்யூட்டரில்தான் குடியிருந்தன. அதைப் பார்த்துக்கொள்வது ஸ்பேரின் பொறுப்பு. யாரும் கொடுத்ததில்லை, அவராக எடுத்துக்கொண்டது.

ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுப்பார். ஒரு மாதம் சிவப்பு உறை போட்ட டிஸ்க்கில், அடுத்த மாதம் நீல உறையில். இமேஜ் என்றால் வேண்டிய ஃபைலை மட்டும் பொறுக்கி எடுத்து வைப்பது இல்லை. அந்த நிமிடம் அந்த வீட்டில் என்னென்ன இருந்ததோ, பீரோவில் இருக்கும் பட்டுப்புடவை முதல் மூலையில் கிடக்கும் குப்பை வரைக்கும், மொத்தத்தையும் பிரதி எடுத்துப் பூட்டி வைப்பது. எடுத்த பிறகு சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். பேருந்து போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பார். சரியாக இருக்கிறது என்று திரையில் வந்த பிறகு ஒரு நோட்டில் தேதி போட்டு, பச்சை மையில் டிக் அடிப்பார். பெரிய கம்ப்யூட்டரின் முகப்புத் திரையில் யாரும் எதையும் போட்டு வைக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். போட்டால் வாத்தியார் மாதிரி விரட்டுவார்.

இப்படிப்பட்ட மனுஷன் ஒரு மொட்டைக் கடிதம் எழுதினார். எழுதினார்தான்.

காரணம் கேட்டால் அற்பமாக இருக்கும். புதிதாக ஒரு பெரிய பள்ளிக்கூடம் கட்டும் வேலை அலுவலகத்துக்கு வந்தது. பத்தொன்பது வருஷ சர்வீஸ், தனக்குத்தான் வரும் என்று ஸ்பேர் நினைத்தார். இன்ஜினியர் அதை ஆறு வருஷத்துக்கு முன் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார். கெட்டிக்காரப் பெண், கைவேகம் அதிகம். ஸ்பேரை வாய் நிறைய "அண்ணா" என்று கூப்பிடுவாள். அதுவரைக்கும்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் வேலை எவ்வளவு ஆயிற்று என்று பார்க்கப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்தபோது இன்ஜினியர், "இவங்கதான் உங்க வேலையைப் பார்க்கறாங்க. அவங்களுக்கு ஒண்ணுன்னா, இதோ ஸ்பேர் இருக்காரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷமாகச் சிரித்த அதே சிரிப்பை அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அது ஒரு கடைசி வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குப் பெரிய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கடிதத்தை அடித்தார். பிரிண்டர் அதில்தான் இணைந்திருந்தது. எதை அடித்தாலும் சேமித்துவிட்டுத்தான் கையை எடுப்பார், பழக்க தோஷம். அதையும் முகப்புத் திரையிலேயே சேமித்தார். நாலரைக்கு எப்போதும் போல சிவப்பு டிஸ்க்கைச் செருகி இமேஜ் ஓடவிட்டார். ஆறு மணிக்கு எல்லோரும் போன பிறகு பிரிண்ட் எடுத்தார், ஃபைலைத் தடயமில்லாமல் அழித்தார், நோட்டில் டிக் அடித்தார், தெருமுனையில் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினார். அதை நினைத்துத்தான் பின்னால் அவருக்கு அதிகம் கூசியது.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. இன்ஜினியர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை அந்தப் பெண்ணிடமிருந்த அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டார். அவள் மேசையைத் தன் கண்ணாடித் தடுப்புக்கு நேர் எதிரே நகர்த்தச் சொன்னார். சாயங்காலம் அவள் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்றார். அவள் மட்டும்.

"நான் என்ன தப்பு பண்ணினேன்ணா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று அவள் ஸ்பேரிடம்தான் வந்து கேட்டாள்.

"பெரியவங்க ஆயிரம் டென்ஷன்ல இருப்பாங்கம்மா. நீ மனசுல வெச்சுக்காதே" என்றார் அவர். நாக்கு கூசவில்லை. அதுதான் ஆச்சரியம்.

அடுத்த திங்கட்கிழமை காலை பெரிய கம்ப்யூட்டர் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு உயிரை விட்டது. டிஸ்க் காலி. மத்தியானம் புது டிஸ்க் வாங்கி மாட்டினார்கள். பள்ளிக்கூட வரைபடம் ஒப்படைக்கப் பதினோரு நாள்தான் இருந்தது, மொத்தம் நாற்பது ஷீட். இன்ஜினியருக்கு வியர்த்துக் கொட்டியது. "நம்ம ஸ்பேர் இருக்கும்போது என்னய்யா பயம்?" என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் அந்தப் பெண், நடுவில் ஸ்பேர். அலமாரியைத் திறந்து சிவப்பு டிஸ்க்கை எடுத்தார். அதில் அவளுடைய ஷீட்டுகள் முப்பத்தொன்று பத்திரமாக இருந்தன. முந்தின மாதத்து நீலத்தில் நாலே நாலு.

சிவப்பு உறையில் தன் கையெழுத்தில் இருந்த தேதியைப் படித்தார். நாலு மணிக்கு அடித்தது, நாலரைக்கு இமேஜ், ஆறுக்கு மேல்தான் அழித்தது. இந்த இமேஜைத் திருப்பிப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் போய் நிற்கும். துடைத்து வைத்த முகப்புத் திரையில் அந்த ஒரே ஒரு கடிதம் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். இரண்டு பக்கமும் இரண்டு பேர்.

செருகினார். எதையோ தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது கெட்டுப்போச்சு சார். சரிபார்ப்புல நிக்குது. நீலத்தைத்தான் போடணும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் இன்ஜினியர் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லியிருப்பார். சொன்னது ஸ்பேர் ஆயிற்றே, மறுபேச்சில்லை. அந்தப் பெண் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப முப்பத்தாறு ஷீட் மறுபடி போடணும். பரவாயில்லண்ணா, நாலு ஷீட்டாவது மிஞ்சிச்சே. நீங்க இல்லன்னா அதுவும் போயிருக்கும்."

போட ஆரம்பித்தாள். திருத்தம் போட்ட பழைய காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இருட்டும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். கீழே அவள் கணவன் ஸ்கூட்டரில் சாய்ந்து காத்திருப்பான். கண் சிவந்துவிட்டது, வலித்த மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டாள். "நானும் ஒரு அஞ்சு ஷீட் போடறேன்மா" என்று ஸ்பேர் போனார். "எங்க அண்ணன் இருந்தாக்கூட இப்படி வரமாட்டான்" என்றாள். அவருக்கு அந்த நிமிடமே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. பூமி எங்கே பிளக்கிறது?

வெள்ளிக்கிழமை இன்ஜினியர் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

"உன்கிட்ட மட்டும் காட்டறேன். டிஸ்க் போனதே எனக்குச் சந்தேகமா இருக்குய்யா. அவளே ஏதாவது பண்ணியிருப்பாளோ? இந்த வேலை முடியட்டும், அனுப்பிடலாம்னு இருக்கேன். நீ என்ன சொல்றே?"

இங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இல்லை" என்ற ஒரே வார்த்தை. "தெரியல சார்" என்றார்.

சனிக்கிழமை சிவப்பு டிஸ்க்கைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். ஞாயிற்றுக்கிழமை காலை தன் பழைய லேப்டாப்பில் அந்த இமேஜைத் திறந்தார். திட்டம் இதுதான்: அவள் ஃபோல்டரை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்வது, "வீட்டுல ராவெல்லாம் போராடிப் பார்த்தேன், எப்படியோ வந்துடுச்சு" என்று திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பது. மாலை மரியாதை ஒன்றுதான் பாக்கி இருக்கும். ஃபோல்டர் சுளுவாக வந்துவிட்டது. அதற்குப் பிறகு கை சும்மா இருந்ததா? முகப்புத் திரைக்குப் போய்க் கடிதத்தை அழிக்கப் பார்த்தார். முடியாது என்றது. மறுபடி தட்டினார். முடியாது என்றது. இமேஜைத் திறந்து பார்க்கலாம், பிரதி எடுக்கலாம். உள்ளே ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. இதை அலுவலகத்தில் எத்தனை பேருக்குப் பெருமையாக விளக்கிச் சொல்லியிருப்பார்!

கடிதத்தைத் திறந்தார். எழுதிய பிறகு அவர் அதை முழுதாகப் படித்ததே இல்லை.

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அலுவலகத்தில் பள்ளிக்கூட வேலையைப் பார்க்கும் பெண் ஊழியர், தங்கள் வரைபடங்களை வெளியாருக்குக் கொடுத்து வருகிறார். அந்த வேலை கைவிட்டுப் போகும் முன் விழித்துக்கொள்ளவும். இப்படிக்கு, தங்கள் நலம் விரும்பி."

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி தட்டோடு பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"யாரைப் பத்திங்க இது? அந்தப் பொண்ணையா? உங்களுக்குக் காய்ச்சல்னு பழம் வாங்கிட்டு வந்துச்சே, அந்தப் பொண்ணையா?" அவளுக்குக் குரல் ஏறியது. "எந்த நாசமாப் போறவன் எழுதினான்? அவன் வீட்டுல பொம்பளைங்க யாரும் இல்லியா?"

அவர் திரும்பவில்லை. அவள் முன்னால் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்தே முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள், தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அன்று முழுக்க அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

திங்கட்கிழமை பென் டிரைவை மேசையிலேயே விட்டுவிட்டு, சிவப்பு டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். இன்ஜினியரையும் அந்தப் பெண்ணையும் பெரிய கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காரச் சொன்னார். அவள் மறுபடி போட்ட ஷீட்டுகளை முதலில் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்தார்; அந்த நேரத்திலும் அந்தப் புத்தி போகவில்லை. பிறகு சிவப்பைச் செருகினார்.

"இது கெட்டுப்போகல சார். கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னது பொய். ஏன் சொன்னேன்னா..."

இமேஜைத் திறந்து, முகப்புத் திரையில் இருந்த ஒற்றை ஃபைலைத் தட்டினார். இரண்டு பேரும் படித்தார்கள். இன்ஜினியர் முகம் கருத்துவிட்டது. "அடப்பாவி! நீயா?" என்றார். ஸ்பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டைப் பையிலிருந்த பொத்தான் பொட்டலத்தைக் கை தானாக நசுக்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். சாவி, மேசை, பை, ஒவ்வொன்றாக அவளுக்குப் புரிந்துகொண்டு வந்தது முகத்தில் தெரிந்தது.

"என் முப்பத்தொரு ஷீட்டும் இதுல இருக்கா?"

"இருக்கும்மா."

"நோட்டுல பச்சை டிக் இருந்துச்சு. புதன்கிழமையே பார்த்தேன்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, டிக்தான் தப்பா அடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன், சார்."

அண்ணா போய் சார் வந்துவிட்டது. இன்ஜினியர் அதைக் கவனித்திருக்க மாட்டார்.

வரைபடங்கள் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தன. சாவி அவளிடம் திரும்பி வந்தது, மேசை பழைய இடத்துக்குப் போனது. "இந்த ஆளை என்னம்மா பண்றது? நீயே சொல்லு" என்று எல்லோர் முன்னாலும் இன்ஜினியர் கேட்டார். "இருக்கட்டும் சார், வேலை நிறைய இருக்கு" என்றாள். கழுத்தைப் பிடித்துத் தள்ளச் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். இப்போது தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் முன்னால் வந்து உட்கார வேண்டும்.

பெரிய கம்ப்யூட்டர் இனி அவள் பொறுப்பு. அடுத்த கடைசி வெள்ளிக்கிழமை நாலரைக்கு நீல டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வந்தாள். நோட்டைத் திறந்து தேதி போட்டாள். பிறகு அவர் மேசைப் பக்கம் திரும்பினாள். குரலில் குத்தலும் இல்லை, கோபமும் இல்லை. எல்லோரிடமும் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"சார், இமேஜ் எடுக்கப் போறேன். ஏதாவது அழிக்க வேண்டியது இருந்தா இப்பவே அழிச்சிடுங்க."

"ஒண்ணும் இல்லம்மா" என்றார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு இமேஜை ஓடவிட்டாள்.