மாட்டுங்கா கிச்சனில் நேபாளத்தின் புதுச் சட்டம்

ஹோட்டல் சூப்பர்வைசராக இருந்தவர்களுக்குத் தெரியும்: சாம்பார் புளித்தாலும் நம் தலைதான் உருளும், சமையல்காரர்கள் முறைத்துக்கொண்டாலும் நம் தலைதான். நேபாளத்தில் புது அரசியல் சட்டம் வந்த வருஷம் மாட்டுங்காவில் என் தலை உருண்டதைக் கேளுங்கள்.

கருகிய வரிசை

எங்கள் தோசை மாஸ்டர் கேசவ் நேபாளத்து மலைக்காரர். நல்ல கூட்ட நேரத்தில் கல்லில் மாவை ஊற்றிவிட்டு, ஊரில் சட்டம் ஓட்டுக்கு வருவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நிறைவேறியது என்றதும் கரண்டியோடு ஒரு குதி! நாலு தோசையும் கரி. கத்திக்கொண்டு ஓடிய என்னை அப்படியே கட்டிப்பிடித்தார்.

"அண்ணா, வருஷக்கணக்கா காத்துக்கிட்டிருந்தது வந்திருச்சு! தோசை வேற ஊத்திக்கலாம்!"

கேசரி

மறுநாள் கேசவ் எல்லோருக்கும் கேசரி கிண்டினார். சட்னி அரைக்கும் ராம்பரண் மட்டும் தொடவில்லை. அவரும் நேபாளிதான், பீகாரை ஒட்டிய சமவெளிக்காரர். அந்தப் பக்கம் சட்டத்தை எதிர்த்து ஊர்வலம், துப்பாக்கிச் சூடு. அவர் தங்கை பீகார்க்காரரைக் கட்டியவள். அப்பா வெளிநாட்டுக்காரர் என்றால் பிள்ளைக்கு முழுக் குடியுரிமை கிடையாது என்றது புதுச் சட்டம்.

"நாட்டுக்கு ஒரு சட்டம் வேண்டாமா?" என்றார் கேசவ். ராம்பரண் தட்டைத் தள்ளினார்.

"என் தங்கச்சி பிள்ளையும் முழு நேபாளின்னு அதுல எழுதட்டும். அப்புறம் ரெண்டு தட்டு தின்கிறேன்."

சட்னி வரவில்லை

இருவருக்குள்ளும் பேச்சு நின்றது. கல்லிலிருந்து ஊத்தப்பம் வரும், சட்னி வராது. சட்னி வந்தால் ஊத்தப்பம் வராது. நடுவில் ஓடியது நான். குர்லாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் கடையநல்லூர் பாய் ஒருவர் வெறும் ஊத்தப்பத்தை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் பொறுத்தார். பிறகு கிச்சன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏய்யா, சட்டம் உங்க ஊருல. பட்டினி எனக்கா?"

அடைத்த எல்லை

சில வாரத்தில் சமவெளிக்காரர்கள் எல்லையில் உட்கார்ந்துவிட்டார்கள். நம் பக்கத்திலிருந்து சரக்கு கொண்டுபோகும் லாரிகள் நின்றன. மலையில் கேஸ் தீர்ந்தது. கேசவின் மனைவி நிறைமாத வயிற்றோடு விறகு ஊதிக்கொண்டிருந்தாள். லீவு கேட்டு வந்தார் மனிதர். பஸ் எல்லையோடு சரி, அதற்கு மேல் எப்படிப் போவது?

கிரைண்டரை நிறுத்திவிட்டு ராம்பரண் வந்தார். எல்லையில் உட்கார்ந்திருந்த தன் தம்பிக்கே போன் போட்டார். இரண்டு பக்கமும் கத்தல். போனை வைத்துவிட்டு, பல நாள் கழித்து முதல்முறையாகக் கேசவின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"எங்க வீட்டுக்குப் போ. தம்பி உன்னை நடத்தியே அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போவான். எங்க போராட்டம் உன் பொண்டாட்டி மேல இல்ல."

பெண் குழந்தை

ஒன்றரை மாதம் கழித்து, பெண் பிறந்த செய்தியோடு கேசவ் வந்து குதித்தார். கிச்சனே கூடிவிட்டது. வழியில் தன் வீட்டில் எப்படி நடத்தினார்கள் என்று ராம்பரண் கேட்டார்.

"உன் தம்பியோட விடிய விடிய சட்டச் சண்டை, உங்க அம்மா கையால வயிறு முட்டச் சோறு!"

சட்டம் சரியா தப்பா என்று இருவரும் இன்னும் முடிவு செய்யவில்லை, அவர்கள் சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் நேபாளத்து ஜில்லாப் பெயரெல்லாம் மனப்பாடமாகிவிட்டது.